தண்ணீர் குறையாத கட்டடம்

அந்தக் கட்டடத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். இருபத்திரண்டு மாடி, மாடிக்கு எட்டு வீடு. மேகம் தாழ்ந்து வருகிற நாளில் மேல் இரண்டு மாடி கண்ணுக்குத் தெரியாது. கிளட்ச் வாத்தியார் மூன்று வருஷமாகப் பார்க்கிறார். அவருக்கு இன்னும் அந்த அடேயப்பா தீர்ந்தபாடில்லை.

கிளட்ச் வாத்தியார் என்பது அவரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் வைத்த பேர். இருபத்தெட்டு வருஷமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாளைக்கு நூறு தடவை "கிளட்ச்சை மிதி" என்று சொல்லிச் சொல்லி, அதுவே அவருக்கு ஒட்டிக்கொண்டது. ஊரில் பாதிப் பேருக்குப் பிரேக் போடச் சொல்லிக்கொடுத்த அந்த மனிதர், வீடு வாங்கும் விஷயத்தில் மட்டும் பிரேக் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தேடவில்லை.

தப்பு அவர் ஒருவருடையது என்று சொல்லிவிட முடியாது. அப்போது காலம் அப்படி இருந்தது. வீட்டு விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. விற்பனை அலுவலகத்தில் கட்டடத்தின் பொம்மையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே பதினாலாவது மாடி பாதி விற்றுப்போயிருந்தது. கட்டடம் எழும்பி முடிகிற சமயத்தில், அந்த மாடியில் மீதி இருந்ததில் இரண்டு வீட்டுக்கு வாத்தியார் பணம் கட்டினார். கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். அக்காவையும் இழுத்துவிட்டார்.

அக்கா முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய் வெகுகாலம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டுமாகச் சொந்தத்தில் ஒரு சின்ன வீடு இருந்தது. "ஆறே மாசம்க்கா. அதை வித்து இதுல போடு. கை மாத்திவிட்டோம்னா, இதே மாதிரி ரெண்டு வீடு உனக்கு வாங்கலாம்" என்றார் வாத்தியார். தம்பி சொன்னால் அக்காவுக்கு மறுபேச்சு கிடையாது. வீட்டை விற்று, வாத்தியாரின் இரண்டு வீடுகளுக்கு அடுத்த வீட்டை வாங்கினார். வாத்தியாருடைய மகள் வெளியூர் வேலைக்குப் போனதால் ஒரு அறை காலியாக இருந்தது. ஆறு மாசத்துக்குத்தானே என்று பெட்டிகளை அங்கே அடுக்கினார்கள். அது நடந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. பெட்டிகள் இன்னும் கயிறு பிரிக்காமல் இருக்கின்றன. அக்கா தன் புடவைகளை ஒரு நாற்காலியின் முதுகில் மடித்துப் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறார்.

விற்கிறவரைக்கும் நான் அங்கேயே போய் இருக்கட்டுமா என்று அக்கா ஒரே ஒரு தடவை கேட்டார். வாத்தியார் பதறிப்போனார். ஆள் குடிபோனால் அது பழைய வீடு, விலை இறங்கிவிடும், கதவுப் பிடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கக் கூடாது என்று பாடம் நடத்தினார். வீடு வாங்கி விற்கிறவர்களின் உலகத்தில் ஒரு வீட்டுக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து, அதில் மனுஷர் வசிப்பது. அக்கா சரி என்றார், அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பிறகு பொருளாதார மந்தம் வந்தது. அது வந்த விதத்தை நினைத்தால் வாத்தியாருக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். வெள்ளமென்றால் தண்ணீர் வரும், பூகம்பமென்றால் சுவர் விரியும். இதற்கு ஒரு சத்தம் கிடையாது. முதலில் கார் பழக வருகிறவர்கள் குறைந்தார்கள். பழகிக்கொண்டிருந்தவர்கள் வேலை போய்விட்டது என்று கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். எதிர்ச்சாரியில் எழும்பிக்கொண்டிருந்த இன்னொரு கட்டடத்தின் கிரேன் ஒரு செவ்வாய்க்கிழமை நின்றது. கொக்கி பாதி உயரத்தில் தொங்கியபடியே இரண்டு மழைக்காலம் போனது. இவர்கள் கட்டடத்தில் ஒரு செங்கல் நகரவில்லை, ஒரு கண்ணாடி உடையவில்லை. அதே சுவர், அதே தரை, அதே பதினாலாவது மாடி. ஆனால் போன வருஷம் நூறு என்றிருந்தது இந்த வருஷம் அறுபதுகூடப் போகாது என்றார்கள். மீதி நாற்பது எங்கே போனது, யார் எடுத்துக்கொண்டு போனார்கள்? விலை ஏறும்போது ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். இறங்கும்போது எல்லாரும் வாயடைத்துப் போய்விட்டார்கள். இவ்வளவு பெரிய ஒன்று, கண்ணுக்கே தெரியாமல் எல்லார் தலைக்கு மேலும் நடந்துபோயிருக்கிறதே என்று வாத்தியார் பல நாள் மலைத்து உட்கார்ந்திருந்தார்.

மலைத்து உட்கார்ந்தால் வேலைக்காகுமா? வாங்க நினைக்கிறவர்கள் வேலை முடிந்து சாயங்காலம்தான் கட்டடத்தைப் பார்க்க வருவார்கள். அந்த நேரத்தில் இருண்டு கிடந்தால் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். வாத்தியாருக்கு ஒரு யோசனை பிறந்தது. மின்சாமான் கடைக்குப் போய், குறித்த நேரத்துக்குத் தானாக விளக்கைப் போட்டு அணைக்கிற டைமர் மூன்று வாங்கினார். மூன்று வீட்டிலும் திரைச்சீலை மாட்டி, ஒரு விளக்கை வைத்து, ஆறரைக்கு எரிந்து ஒன்பதரைக்கு அணையும்படி திருப்பிவிட்டார். யார் மூளைக்கும் எட்டாதது தன் மூளைக்கு எட்டிவிட்டது என்று அவருக்கு ஏக பெருமை. "இப்பல்லாம் இது நல்லா போகுது சார்" என்று கடைக்காரர் சொன்னது அவர் காதில் விழாமல் இல்லை. கோழிப்பண்ணைக்கு வாங்குவார்கள்போல என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அந்த அதிசயம் தொடங்கியது. கட்டடத்தில் மற்ற ஜன்னல்களும் எரிய ஆரம்பித்தன. மாணவர்களை ஓட்டவைத்து அழைத்துப் போகும் சாலையை வாத்தியார் கட்டடத்தின் பக்கமாக மாற்றிக்கொண்டார். பொழுது சாயும் நேரத்தில் அதைக் கடக்கும்போது அண்ணாந்து எண்ணுவார். முதலில் பதினொன்று. பிறகு இருபத்துநாலு. பிறகு நாற்பது. தன் மூன்றையும் நேர்மையாகக் கழித்துவிட்டே எண்ணினார், அதில் அவர் கறார். ஜன்னல் எண்ணுகிற வாத்தியாரிடம் வண்டி பழகியவர்களில் இரண்டு பேர் நடைபாதையில் ஏற்றினார்கள், ஒருவர் தபால் பெட்டியைச் சாய்த்தார். அதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஜனங்கள் வருகிறார்கள், குடியேறுகிறார்கள், விலை திரும்புகிறது!

அந்த நம்பிக்கையில்தான் அவர் பெரிய தப்பைச் செய்தார். ஒரு இளம் தம்பதி அக்காவின் வீட்டைக் கேட்டு வந்தார்கள், வாங்கின விலையில் முக்கால் பங்கு தருவதாகச் சொன்னார்கள். அதை வாங்கியிருந்தால் அக்காவுக்கு ஒரு சின்ன வீடு கிடைத்திருக்கும். வாத்தியார் அன்றைக்கு ஐம்பத்திரண்டு ஜன்னல் எண்ணியிருந்தார். கொஞ்சம் பொறுக்கா, முழு விலையும் வரும் என்றார். அக்கா பொறுத்தார்.

இப்போது வெளியே அறுபது ஜன்னல் எரிகிறது, ஆனால் வாங்க வந்திருப்பது கழுகம்மா. மந்தக் காலத்தில் மட்டும் வீடு வாங்குகிற அம்மாளுக்குத் தரகர்கள் வைத்த பேர் அது. சாந்தமான குரல், வெள்ளை முடி, கையில் ஒரு துணிப்பை. மூன்று வீட்டையும் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. அறுபது குடும்பம் இருக்கிற கட்டடத்தைப் பாதி விலைக்குக் கேட்கிறீர்களே என்றார்.

கழுகம்மா அண்ணாந்து பார்க்கவே இல்லை. "லைட் எரியிறது இருக்கட்டும் சார். ஒரு நாளைக்குத் தண்ணி எவ்வளவு செலவாகுது? அதைக் கேட்டுச் சொல்லுங்க, மேல போட்டுத் தரேன்" என்றார்.

இவ்வளவுதானா என்று வாத்தியார் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கட்டடத்துக்குப் போனார். கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிற ஆள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மாடித் தொட்டிக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் ஏற்றுகிறீர்கள் என்று வாத்தியார் கேட்டார்.

"ஒரு நாளைக்கா?" மோட்டார்காரர் நகம் வெட்டுவதை நிறுத்தினார். "போன மாசம் ரெண்டு தடவை போட்டேன் சார். அதுவும் மோட்டார் துருப்பிடிச்சிரக் கூடாதேன்னு."

தொட்டிக்குள் மிதவை சிக்கிக்கொண்டு தண்ணீர் அளவைத் தப்பாகக் காட்டுகிறது, நீங்கள் கவனிக்கவில்லை என்று வாத்தியார் கோபித்துக்கொண்டார். மோட்டார்காரர் வாதாடவில்லை. மொட்டைமாடிச் சாவியை எடுத்து நீட்டி, நீங்களே போய்ப் பாருங்கள் என்றார்.

லிஃப்ட் அவரை இருபத்திரண்டாவது மாடியில் இறக்கிவிட்டது. மொட்டைமாடியில் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. தொட்டி ஒரு சின்ன வீட்டின் அளவுக்கு இருந்தது. இரும்பு ஏணியில் ஏறி, மூடியைத் தள்ளி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். முதலில் தொட்டி காலியாக இருக்கிறது என்றே நினைத்தார். அடித்தரையில் ஒரு திருகாணி கிடப்பதும் அதன் வரிப்பள்ளமும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. விரலை நீட்டினார். விரல் நனைந்தது. கழுத்துவரைக்கும் நிரம்பிய தண்ணீர். இரண்டு ஆள் ஆழம். ஒரு சலனம் இல்லை. அவர் விரலிலிருந்து கிளம்பிய ஒரு வளையம் நிதானமாக எதிர்ச்சுவர்வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியது.

வாத்தியார் அப்படியே நின்றுவிட்டார். அறுபது குடும்பம் குளிக்காத தண்ணீர், சமைக்காத தண்ணீர், ஒரு ஆள் வாய் கொப்பளிக்காத தண்ணீர். அவ்வளவு தண்ணீரை அவ்வளவு உயரத்தில் அவ்வளவு அமைதியாக அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. பயம் வந்திருக்க வேண்டும், துக்கம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பிரமிப்புதான். மூச்சு விட்டால்கூடக் கலைந்துவிடும் என்பதுபோல மூடியை மெதுவாக இழுத்து மூடினார்.

லிஃப்ட்டில் ஏறாமல் படிவழியாக இறங்கினார். மணி ஆறரை நெருங்கியது. இருபதாவது மாடிக்கு வரும்போது ஒரு கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் வந்தது. காலடிச் சத்தம் இல்லாமல் வந்த வெளிச்சம். கதவைத் தட்டினார். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, யாரும் வரவில்லை. பத்தொன்பதாவது மாடியில் இரண்டு கதவு, அங்கும் அப்படியே. பதினேழில் ஒரு வீட்டு வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு வரிசையாக இருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கதவு கதவாகத் தட்டிக்கொண்டே இறங்கினார். மாடிக்கு மாடி வெளிச்சம், மாடிக்கு மாடி பாட்டு, ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. வாத்தியாருக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு பியூஸ் போன பல்பு. முக்கிய சாலையில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். வாத்தியாரே அவரிடம் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்தான்.

"டாக்டர், நீங்க இங்கதான் குடியிருக்கீங்களா?"

பல் டாக்டர் கையிலிருந்த பல்பைப் பார்த்தார். அதை ஒளிக்க இடமில்லை. பின்னால் வெறும் தரையில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு விளக்கு, சுவரில் செருகிய டைமர். கடைக்காரர் வாத்தியாருக்குக் கொடுத்த அதே நீல நிற டைமர்.

"பதினாலாவது மாடியில மூணு வீடு வரிசையா எரியுதே," என்றார் பல் டாக்டர் மெதுவாக, "அது நீங்களா?"

"ஆமா."

"உள்ள யாரு இருக்காங்க?"

"யாருமில்ல டாக்டர்."

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மூணு வீட்டைப் பாத்துத்தாங்க நான் இதை விக்காம வச்சிருக்கேன். மூணு குடும்பம் வந்துட்டாங்க, இனி ஏறும்னு என் பொண்டாட்டிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"உங்க ஜன்னல்தான் டாக்டர் எனக்கு முப்பத்தேழாவது" என்றார் வாத்தியார்.

இருவரும் சிரிக்க முயன்றார்கள், முடியவில்லை. சேர்ந்தே கீழே இறங்கித் தெருவைத் தாண்டி நின்று பார்த்தார்கள். கட்டடம் ஜொலித்தது. அங்கே ஒரு மஞ்சள், இங்கே ஒரு வெள்ளை, பச்சைத் திரைக்குப் பின்னால் ஒன்று. ஒரு குடும்பம் சாப்பிட உட்கார்ந்ததுபோல, ஒரு குழந்தை படிக்கிறதுபோல. வாத்தியாருக்குக் கோபமே வரவில்லை. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை. ஒருவரையொருவர் தெரியாத இத்தனை பேர், தனித்தனியாகக் கடைக்குப் போய், தனித்தனியாக வெட்கப்பட்டு, ஸ்டூல் தூக்கி வந்து, திரை மாட்டி, செருப்பு வாங்கி வைத்து, ஆள் இல்லாத ஒரு ஊரையே வானத்தில் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். பிறகு கீழே வந்து நின்று, மற்றவர் வெளிச்சத்தைப் பார்த்துத் தைரியம் அடைந்திருக்கிறார்கள். ஏமாற்றியவரும் ஏமாந்தவரும் ஒரே ஆள். என்ன மனுஷ ஜென்மம் இது என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

வீட்டுக்குப் போகும்போதுதான் அந்தப் பிரமிப்பு வடிந்து, அடியில் கிடந்த அக்கா தெரிந்தார். எல்லாருக்கும் போனது பணம். அக்காவுக்குப் போனது வீடு.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். டைமர், ஜன்னல், தொட்டி, முக்கால் விலையை விட்டது எல்லாம். சனிக்கிழமைக்குள் விற்றால் கிடைப்பது பாதி, அதை வைத்துக்கொண்டு பழைய வீடு மாதிரி ஒன்று வாங்க வழியே இல்லை என்பதையும் சொன்னார். முப்பத்தொரு வருஷம் தியேட்டரில் ரத்தத்துக்கு நடுவே நின்ற அக்கா, முகத்தில் ஒரு கோடு மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்டுல கூரை ஒழுகுதாடா?"

"இல்லக்கா."

"கதவு பூட்டுதா? லிஃப்ட் ஓடுதா?"

"எல்லாம் இருக்குக்கா. மனுஷங்கதான் இல்ல."

"தண்ணிதான் தொட்டி நிறைய இருக்குன்னு நீயே சொல்றே" என்றார் அக்கா. பிறகு, குரலை உயர்த்தாமல், "நான் வீடு வாங்கத்தான்டா என் வீட்டை வித்தேன். நீ வாங்கினது விலையை. அது ஏறும், இறங்கும், எப்படியோ போகட்டும். என் சாவியக் குடு."

வாத்தியாருக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்துநாலு வயசு ஆள் மேஜையில் தலை கவிழ்ந்து அழுவதை அக்கா தடுக்கவில்லை. அழுது முடித்ததும் முகம் கழுவச் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை கழுகம்மாவிடம் தண்ணீர்க் கணக்கை உள்ளபடி சொன்னார். வேறொரு கட்டடத்தில் தன்னை நம்பவைக்க நாள் முழுக்கக் குழாயைத் திறந்து விட்டார்கள் என்றார் அந்த அம்மாள். உண்மையைச் சொன்னதற்காக ஒரு பைசா கூட்டவும் இல்லை. பாதி விலைக்கும் கொஞ்சம் கீழே போய், வாத்தியாரின் இரண்டு வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். நடுவில் மாட்டிக்கொள்ளாமல் ஓரமாக இருந்த அக்காவின் வீடு தப்பியது.

அடுத்த நாள் காலை பதினோரு மணிக்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று வருஷம் கட்டியிருந்த கயிற்றை அக்கா பல்லால் கடித்து அறுத்தார். பாத்திரம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வாத்தியார் அறை அறையாக நடந்து, இது இத்தனை சதுர அடி, இந்தத் தரைக்கல் வெளிநாட்டுச் சரக்கு, இந்த மூலை வீட்டுக்குத் தனி விலை வைத்திருந்தார்கள் என்று விளக்கிக்கொண்டே வந்தார். பேச்சை நிறுத்தினால் மறுபடி அழுதுவிடுவார் என்பது அக்காவுக்குத் தெரியும். அதனால் பேசவிட்டார்.

அக்கா கட்டிலைச் சுவரோரம் தள்ளப் போனவர் நின்றார். இரண்டு ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலையில வெயில் எந்த ஜன்னல் வழியா வரும்டா?"

வாத்தியார் வாயைத் திறந்தார். இந்த வீட்டுக்கு அவர் நூறு தடவை வந்திருப்பார். சதுர அடி தெரியும், ஏறின விலை தெரியும், இறங்கின விலை தெரியும், பதினாலாவது மாடிக்கும் பதினைந்தாவது மாடிக்கும் உள்ள வித்தியாசம் ரூபாய் ரூபாயாகத் தெரியும். வந்ததெல்லாம் சாயங்காலத்தில், ஜன்னலுக்கு வெளியே இருந்து பார்ப்பவர்களுக்காக.

"தெரியலக்கா" என்றார். "நாளைக்கு விடிஞ்சதும் வந்து பாத்துச் சொல்றேன்."

"நீ எதுக்குடா வரணும்?" என்றார் அக்கா. "நான் இங்கதானே இருக்கப்போறேன். நானே பாத்து உனக்குச் சொல்றேன்."